ஏழு வயதில் வீட்டை விட்டுப் போன பிள்ளைகள்



ஒரு நரிக்குட்டியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்பார்ட்டாவில் ஒரு சிறுவன் நரிக்குட்டி ஒன்றைத் திருடி, மேலாடைக்குள் ஒளித்து வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்துப் பெரியவர்கள் எதிரே வந்துவிட்டார்கள். உள்ளே இருந்த குட்டி பல்லாலும் நகத்தாலும் அவன் வயிற்றைக் கிழிக்க ஆரம்பித்தது. பையன் முகம் சுளிக்கவில்லை, முனகவும் இல்லை. குடல் கிழிந்து அப்படியே விழுந்து செத்துப்போனான். கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் சொல்லும் கதை இது. இதைச் சொல்லிவிட்டு, "பிள்ளை என்றால் இப்படி வளர்க்க வேண்டும்" என்று முடிப்பவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். நான் பயிற்சி பெற்ற வகுப்பிலேயே ஒருவர் அப்படித்தான் முடித்தார். அன்று கேட்க வாய் வராத கேள்வி ஒன்று இன்னும் என்னோடு இருக்கிறது. வயிற்றைக் கிழிக்கிற பல்லைவிட அந்தப் பிள்ளைக்குப் பெரிய பயமாக எது தெரிந்தது?

அந்த ஊரை முதலில் பார்த்துவிடுவோம். கிரேக்கத்தின் தெற்கே பெலொப்பனீசஸ் தீபகற்பம். அங்கே யூரோட்டஸ் என்ற ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கில், மேற்கே தைகெட்டஸ் மலை உயர்ந்து நிற்க, சில கிராமங்கள் சேர்ந்து ஒரு நாடாக இருந்தன. ஏதென்ஸைப் போலப் பெரிய கோயில்களோ, ஊரைச் சுற்றி மதிலோ அங்கே கிடையாது. எங்கள் ஆண்பிள்ளைகள்தான் எங்கள் மதில் என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் பெருமை பேசியதாக ஒரு செய்தி உண்டு. ஆனால் அந்த மதில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் தைகெட்டஸ் மலைக்கு அப்பால் இருந்த மெஸ்ஸீனியாவை ஸ்பார்ட்டா பிடித்தது. அந்த மண்ணின் மக்களையே அந்த மண்ணில் பாடுபடும் அடிமைகளாக்கியது. இவர்களுக்கு ஹெலட்டுகள் என்று பெயர். உழுவதும் அறுப்பதும் அவர்கள். விளைச்சலில் பெரும்பங்கு ஸ்பார்ட்டாக் குடும்பத்துக்குப் போகும். கி.மு. 479இல் பாரசீகருக்கு எதிராக நடந்த பிளாட்டேயா போருக்கு 5,000 ஸ்பார்ட்டா வீரர்கள் போனார்கள், ஒவ்வொருவரோடும் 7 ஹெலட்டுகள் போனார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஒருவனுக்கு ஏழு பேர். ஊரிலும் எண்ணிக்கை அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஒரு வீட்டின் சோறும் துணியும் யார் கையால் வருகிறதோ, அவர்கள் என்றைக்காவது திரும்பிக்கொள்வார்கள் என்ற கவலையோடு அந்த வீட்டார் தலைமுறை தலைமுறையாகத் தூங்கி எழுந்தார்கள். எஃபோர்கள் என்ற ஐந்து அதிகாரிகள் ஆண்டுதோறும் பதவியேற்றதும், ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்களாம். அரிஸ்டாட்டில் சொன்னதாக ப்ளூட்டார்க் இதைத் தருகிறார். போர் அறிவித்துவிட்டால் கொல்வது கொலைப்பாவம் ஆகாது அல்லவா, அதற்காக.

ஸ்பார்ட்டாவின் பிள்ளை வளர்ப்பை இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் பேசுவது தவறு என்று நான் நினைக்கிறேன். ஒழுக்கம், எளிமை, கட்டுப்பாடு என்று தனித்தனியாகப் பிரித்து எடுத்துப் பாராட்டலாம். ஆனால் ஏழு வயதுப் பையனை அவ்வளவு கடினமாக்கியது தொலைதூரத்துப் பாரசீகன் அல்ல. வீட்டுக்கு மாவு கொண்டுவந்து போடுகிறவன் மீது வீட்டாருக்கு இருந்த பயம்தான்.

பிறப்பிலிருந்து வருவோம். குழந்தை பிறந்ததும் தகப்பன் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குலத்துப் பெரியவர்களிடம் காட்டுவான். திடமாக இருந்தால் வளர்க்கச் சொல்வார்கள். இல்லையென்றால் தைகெட்டஸ் மலையடியில் ஒரு பள்ளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இதைச் சொல்பவரும் ப்ளூட்டார்க் ஒருவர்தான். அவர் எழுதியது கி.பி. 100ஐ ஒட்டி. ஸ்பார்ட்டா உச்சத்தில் இருந்த காலத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின். 2007இல் வெளியான '300' திரைப்படத்தில் பாறை விளிம்பில் குழந்தையை ஏந்தி நிற்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதே 2007இல், அந்தப் பள்ளம் இதுவாக இருக்கலாம் என்று கருதப்பட்ட குகையை ஆராய்ந்த ஏதென்ஸ் மானிடவியலாளர் தியோடரோஸ் பிட்சியோஸ், அங்கே கிடைத்தவை வளர்ந்த ஆட்களின் எலும்புகள், பச்சிளங்குழந்தைகளின் எலும்புகள் இல்லை என்றார். இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்பார்ட்டாவைக் கி.மு. 400 வாக்கிலிருந்து நாற்பது ஆண்டு ஆண்ட அகெசிலாஸ் மன்னனுக்கு ஒரு கால் ஊனம். பள்ளத்துக்கு அனுப்பாமல் அவரை வளர்த்திருக்கிறார்கள். ஆகவே மலையடிப் பள்ளத்தை நான் எச்சரிக்கையோடுதான் சொல்வேன். பிள்ளையை எடுத்து வளர்ப்பதா வேண்டாமா என்று ஏதென்ஸில் தகப்பன் முடிவு செய்தான், ஸ்பார்ட்டாவில் குலப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள் என்று நம்பப்பட்டதே, அதுவே போதும். பிள்ளை யாருடைய சொத்து என்பது அதில் தெரிகிறது.

ஸ்பார்ட்டாவின் செவிலித்தாய்களுக்கு வெளியூரில் நல்ல பெயர். குழந்தையைத் துணியால் இறுக்கிச் சுற்றமாட்டார்கள். கை கால் தாராளமாக ஆடட்டும் என்று விடுவார்கள். இருட்டுக்கும் தனிமைக்கும் பயப்படாமல், கொடுத்ததைச் சாப்பிடப் பழக்குவார்கள். ஏதென்ஸின் தளபதி அல்கிபியாடஸுக்குக்கூட வளர்ப்புத்தாய் ஸ்பார்ட்டாக்காரிதான். இந்த முதல் சில ஆண்டுகளைப் படிக்கும்போது எனக்கு மனம் இளகிவிடும். இவ்வளவு நிதானமாகக் குழந்தையைக் கையாளத் தெரிந்தவர்கள் இவர்கள்.

ஏழு வயது ஆனதும் பையன் வீட்டை விட்டுப் போகிறான்.

அவனைச் சேர்க்கும் கூட்டத்துக்குக் கிரேக்க மொழியில் வைத்த பெயருக்கு மந்தை என்றுதான் பொருள். மேலே ஒரு கண்காணிப்பாளர். அவருக்குத் துணையாகச் சாட்டை ஏந்திய இளைஞர்கள். ஜெனோபன் இதை எழுதுகிறார். அவர் ஏதென்ஸில் பிறந்தவர், ஸ்பார்ட்டாவின் நண்பர், தம் மகன்களையே அங்கே வளர விட்டதாகச் சொல்லப்படுபவர். எனவே குறை சொல்வதற்காக எழுதியவர் அல்ல. அவர் கணக்குப்படி பையனுக்குச் செருப்பு கிடையாது. ஆண்டு முழுவதற்கும் ஒரே மேலாடை, வெயிலுக்கும் பனிக்கும் அதுவே. சாப்பாடு அரை வயிற்றுக்கு.

படுக்கையை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அதை அவனே செய்துகொள்ள வேண்டும். யூரோட்டஸ் ஆற்றங்கரையில் வளரும் நாணலை, கத்தியோ அரிவாளோ இல்லாமல், வெறும் கையால் ஒடித்துக் கொண்டுவர வேண்டும். நாணலை ஒடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது சட்டென்று முறியாது, பிளந்து கூரிய நாராகக் கையை அறுக்கும். பனிக்காலத்தில் அதோடு முட்செடியின் பஞ்சைக் கலந்து போட்டுக்கொள்வார்கள், அதில் கொஞ்சம் சூடு இருக்கும் என்று. ப்ளூட்டார்க் போகிற போக்கில் எழுதிய இந்தப் பஞ்சு எனக்கு முக்கியம். குளிரில் நடுங்கிய எந்தப் பிள்ளையோ கண்டுபிடித்துப் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டம் எழுதியவருக்கு முட்செடிப் பஞ்சு நினைவுக்கு வந்திருக்காது.

பசிக்குத் திருடலாம். திருடத்தான் வேண்டும். தோட்டத்தில் புகுந்து, பெரியவர்களின் பொது உணவுக்கூடத்தில் நுழைந்து எடுத்து வர வேண்டும். மாட்டிக்கொண்டால் சாட்டையடி. திருடியதற்காக அல்ல, மாட்டிக்கொண்டதற்காக. இரவில் விழித்திருக்கவும் பகலில் ஏமாற்றவும் வேவு பார்க்கவும் இதனால் கற்றுக்கொள்கிறான், போருக்கு இவை உதவும் என்று ஜெனோபன் விளக்கம் சொல்கிறார். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். பசிக்க வைத்தவர்களும் அவர்களே, பிடித்து அடிப்பவர்களும் அவர்களே. இந்த வளர்ப்பில் தவறு என்ற சொல்லுக்குப் பிடிபடுவது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லாமல் போய்விடுகிறது. நரிக்குட்டியை மறைத்த பையன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்குப் பாதி விடை இங்கே கிடைத்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேள்விகள் உண்டு. இருபது வயது இளைஞன் ஒருவன் குழுத்தலைவன். ஊரில் சிறந்த மனிதர் யார், இன்னார் செய்த காரியத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று சின்னப் பையன்களைக் கேட்பான். விடை சுருக்கமாக, காரணத்தோடு வர வேண்டும். சொதப்பினால் கட்டைவிரலைக் கடிப்பான். எழுத்தும் படிப்பும் தேவைக்கு மட்டுமே. ஆனால் பாட்டும் ஆட்டமும் நிறைய. ஊர்த் திருவிழாவில் கிழவர்கள், நடுவயதினர், சிறுவர்கள் என்று மூன்று குழுக்களாக நின்று பாடுவார்கள். இவர்களைப் பாட்டறியாத முரடர்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். குழலிசைக்கு அடி பிசகாமல் நடந்து போருக்குப் போனவர்கள் இவர்கள்.

அப்பா எங்கே என்று கேட்பீர்கள். ஆண்மகன் கல்யாணம் ஆன பிறகும் முப்பது வயது வரை பாசறையில்தான் படுக்க வேண்டும். மனைவியை இருட்டில் ஒளிந்து வந்து பார்த்துவிட்டுப் போவான். மனைவியின் முகத்தைப் பகலில் பார்ப்பதற்கு முன்பே தகப்பன் ஆனவர்கள் உண்டு என்கிறார் ப்ளூட்டார்க். முப்பதுக்கு மேலும் ராச்சாப்பாடு வீட்டில் இல்லை, பொதுக்கூடத்தில். மாதந்தோறும் பார்லி மாவு, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என்று அளந்து கொடுக்க வேண்டும். கொடுக்க வழியில்லாமல் போனவன் குடியுரிமையையே இழந்தான். அடுத்தவர் பிள்ளையை அடிக்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. அடி வாங்கிய பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னால், அப்பா மறுபடியும் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அது அவருக்கு அவமானம். பிள்ளை அழுதுகொண்டு ஓடி ஒதுங்க ஊரில் ஒரு மடிகூட மிச்சம் வைக்கப்படவில்லை.

முழுக்க அப்படி இருந்திருக்க முடியாது என்றுதான் என் மனம் சொல்கிறது. ஊனக்கால் மன்னன் அகெசிலாஸைச் சொன்னேன் அல்லவா? பட்டத்து இளவரசனுக்கு இந்தப் பயிற்சியிலிருந்து விலக்கு உண்டு. அகெசிலாஸ் இளைய மகன், அரியணைக்கு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. எனவே எல்லாப் பையன்களோடும் நாணலில் படுத்து, சாட்டை பார்த்து வளர்ந்தவர். அவர் தகப்பனான பிறகு ஒரு நாள், வீட்டுக்குள் குச்சியைக் கால்களுக்கு இடையில் வைத்துக் குதிரை ஓட்டிப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தார். நண்பர் ஒருவர் பார்த்துவிட்டார். நீயும் ஒரு தகப்பன் ஆகும்வரை இதை வெளியே சொல்லாதே என்று மன்னர் கேட்டுக்கொண்டாராம். ப்ளூட்டார்க் இதை ஒரு வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசியா வரை படை நடத்திப் போன மனிதர், சொந்தப் பிள்ளையோடு விளையாடியதை மறைத்து வைக்கச் சொல்கிறார்.

இனி இந்த வளர்ப்பின் இருண்ட அறைக்குப் போக வேண்டும். தவிர்க்க முடியாது.

பையன்களுக்குக் குடியின் கேடு தெரிய வேண்டும். அதற்கு ஒரு பாடம் வைத்திருந்தார்கள். ஹெலட்டுகளைப் பிடித்து, தண்ணீர் கலக்காத மதுவை வற்புறுத்திக் குடிக்க வைத்து, தள்ளாடும் நிலையில் உணவுக்கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கேவலமான பாட்டுகளைப் பாடவும் கோமாளித்தனமாக ஆடவும் சொல்வார்கள். பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. அவர்கள் கற்றது குடியைப் பற்றி மட்டுமா? இவன் நம்மைப் போன்ற மனிதன் இல்லை என்பதையும் அதே பாடத்தில், அதே இரவில் கற்றிருப்பார்கள்.

பிறகு, தேர்ந்தெடுத்த இளைஞர்களைக் குறுவாளும் கட்டுச்சோறும் மட்டும் கொடுத்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். பகலில் ஒளிந்து கிடந்து, இரவில் பாதையில் அகப்படும் ஹெலட்டைக் கொல்வார்கள். வயலில் வேலை செய்கிறவர்களில் வலுவானவனைப் பார்த்தும் கொல்வார்கள். ஏதென்ஸோடு மூண்ட பெலொப்பனீசியப் போர்க்காலத்தில் நடந்த ஒன்றைத் தூசிடிடஸ் எழுதி வைத்திருக்கிறார். போரில் நாட்டுக்கு நன்றாக உழைத்தவர்கள் முன்வாருங்கள், விடுதலை தருகிறோம் என்று ஹெலட்டுகளுக்கு அறிவிப்புச் செய்தார்கள். சுமார் 2,000 பேர் தேர்வானார்கள். தலையில் மாலை சூடிக் கோயில்களைச் சுற்றி வந்தார்கள். அதன் பிறகு அவர்களைக் காணவில்லை. ஒவ்வொருவரும் எப்படி ஒழிக்கப்பட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது என்று அந்த வரலாற்றாசிரியர் நிறுத்திக்கொள்கிறார்.

அந்த 2,000 பேருக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஸ்பார்ட்டாப் பையன் எதில் படுத்தான், எத்தனை மேலாடை வைத்திருந்தான் என்று நமக்கு இவ்வளவு தெரிகிறது. அதே பள்ளத்தாக்கில் வளர்ந்த ஹெலட் குழந்தை எதில் படுத்தது என்று எந்தக் கிரேக்கரும் எழுதவில்லை. மாலை சூடிப் போன அப்பா திரும்பாத வீட்டில் அன்று இரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் எழுதவில்லை. ஸ்பார்ட்டாவில் பிள்ளை வளர்ப்பு என்று தலைப்பு வைக்கிறபோது இந்தப் பிள்ளைகளும் அதற்குள் வருகிறார்கள் என்பதை இந்த அவையில் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், ஓடினார்கள், மல்லுக்கு நின்றார்கள், வட்டும் ஈட்டியும் எறிந்தார்கள். கிரேக்கத்தின் மற்ற ஊர்களில் பெண்கள் பூப்பெய்தியதும் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். இங்கே உடல் முதிரட்டும் என்று காத்திருந்தார்கள். நோக்கம் என்னவோ திடமான ஆண்பிள்ளைகளைப் பெறுவதுதான். ஆனால் அந்த நோக்கத்தையும் மீறி அந்தப் பெண்கள் வளர்ந்துவிட்டார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அகெசிலாஸின் தங்கை கினிஸ்கா, கி.மு. 396இலும் 392இலும் ஒலிம்பியாவில் தேர்ப்பந்தயத்தில் வென்ற குதிரைகளின் உரிமையாளர். ஒலிம்பிய வெற்றிப் பட்டியலில் முதல் பெண் பெயர் அவருடையது.

எனக்குப் பிடித்தவள் கோர்கோ. கிளியோமினிஸ் மன்னனின் ஒரே மகள். எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும்போது, மிலெட்டஸ் நகரத்து அரிஸ்டகோரஸ் படை உதவி கேட்டு அரண்மனைக்கு வந்தான். குழந்தையை வெளியே அனுப்பச் சொன்னான். மன்னர் அவள் இருக்கட்டும் என்றுவிட்டார். அவன் பத்துத் தாலந்தில் ஆரம்பித்து ஐம்பது தாலந்து வரை லஞ்சத்தை ஏற்றிக்கொண்டே போனான். அப்போது அந்தச் சிறுமி, அப்பா, நீங்கள் எழுந்து போகாவிட்டால் இவர் உங்களைக் கெடுத்துவிடுவார் என்ற கருத்தில் பேசினாள். மன்னர் எழுந்து போய்விட்டார். ஹெரோடோட்டஸ் தரும் செய்தி இது. இதே கோர்கோதான் பின்னாளில், பாரசீகரை எதிர்த்துத் தெர்மோபைலேயில் மாண்ட மன்னர் லியோனிடஸின் மனைவி. ஸ்பார்ட்டாவில் சிறுபிள்ளை ஒன்று மனதில் பட்டதைத் தயங்காமல் பெரியவர்களிடம் சொன்னதாக நமக்குக் கிடைக்கிற அருமையான காட்சி, அப்பாவின் பக்கத்தில் நின்ற ஒரு பெண்குழந்தையுடையது. மந்தையில் வளர்ந்த பையன்களிடமிருந்து நமக்கு வந்து சேர்ந்ததோ மௌனத்தின் கதைகள்.

நரிக்குட்டிக் கதை நம்மிடம் எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஸ்பார்ட்டாவில் ஆர்டெமிஸ் ஆர்த்தியா என்ற தெய்வத்துக்கு ஆற்றோரம் ஒரு கோயில் இருந்தது. அதன் பலிபீடத்திலிருந்து பாலாடைக்கட்டியைப் பையன்கள் திருட வேண்டும், காவல் நிற்பவர்கள் சாட்டையால் அடிப்பார்கள் என்று ஜெனோபன் எழுதினார். ஸ்பார்ட்டா வலுவிழந்து ரோமப் பேரரசுக்குள் அடங்கிப்போன பிறகு அது வேறொன்றாக மாறியது. பையன்கள் பலிபீடத்தின் முன் நின்று அடி வாங்குவதே விழா ஆயிற்று. யார் அதிக நேரம் தாங்குகிறார் என்று போட்டி. வெளியூர்க்காரர்கள் பயணம் வந்து பார்த்தார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில், உட்கார்ந்து பார்க்க வசதியாகப் பலிபீடத்தைச் சுற்றிக் கல்லில் அரங்கமே கட்டினார்கள். 1906 முதல் 1910 வரை ஏதென்ஸிலுள்ள பிரிட்டிஷ் தொல்லியல் பள்ளியினர் அந்த இடத்தை அகழ்ந்தபோது அரங்கின் அடித்தளம் கிடைத்தது. அடியில் பிள்ளைகள் சாவதைத் தானே கண்டதாக ப்ளூட்டார்க் எழுதுகிறார். நரிக்குட்டிக் கதையை நம்பலாம் என்பதற்கு அவர் காட்டும் சாட்சி அதுதான். அவர் பார்த்த காலத்தில் ஸ்பார்ட்டாவுக்குப் போர் இல்லை, ஹெலட் பயமும் இல்லை. சாட்டை மட்டும் மிஞ்சியிருந்தது, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக.

அந்த வேடிக்கை நம் காலம் வரை நீண்டது. நாஜி ஜெர்மனி தன் சிறப்புப் பள்ளிகளில் ஸ்பார்ட்டாவை முன்மாதிரியாகக் காட்டியது. 1943 ஜனவரி 30 அன்று, ஸ்டாலின்கிராடில் ஒரு ஜெர்மன் படையே பட்டினியிலும் பனியிலும் அழிந்துகொண்டிருந்தபோது, நாஜித் தலைவர் கோரிங் வானொலியில் பேசி அவர்களைத் தெர்மோபைலேயில் மாண்ட ஸ்பார்ட்டா வீரர்களோடு ஒப்பிட்டார். சரண் அடைந்தாவது பிழைக்க வேண்டிய பையன்களுக்கு அன்று கிடைத்தது இந்த ஒப்புமைதான்.

சரி, அந்த வளர்ப்பு ஸ்பார்ட்டாவையாவது காப்பாற்றியதா? கி.மு. 480இல் அங்கே 8,000 ஆண்கள் என்கிறது ஹெரோடோட்டஸின் கணக்கு. கி.மு. 464 வாக்கில் பெரும் நிலநடுக்கம். தொடர்ந்து ஹெலட்டுகளின் கலகம். போர்கள் தீரவில்லை. நிலம் சில குடும்பங்களில் சேர்ந்தது. பொதுக்கூடத்துக்கு மாவு அளக்க முடியாத வீடுகள் குடிமக்கள் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மூன்று மகன்களைப் பெற்றவனுக்குப் படைப்பணியிலிருந்து விலக்கு, நான்கு பெற்றவனுக்கு வரியே இல்லை என்று சட்டம் போட்டும் பிள்ளைகள் பெருகவில்லை. அரிஸ்டாட்டில் தம் காலத்தில் ஆயிரம் பேர்கூட இல்லை என்று எழுதினார். பிள்ளைகளை விலங்குகளைப் போலப் பழக்கிவிட்டார்கள் என்பதும் அவர் தீர்ப்பு. இத்தனை வறுத்தெடுத்து வளர்த்த பிள்ளைகளை அந்த நாடு நெல்மணியைப் போல எண்ணிக்கொண்டிருந்தது.

கி.மு. 371இல் லூக்ட்ரா என்ற இடத்தில் தீப்ஸ் நகரத்துப் படை, எபமினோண்டாஸ் தலைமையில், ஸ்பார்ட்டாவை முறியடித்தது. அங்கே இருந்த 700 ஸ்பார்ட்டாக் குடிமக்களில் ஏறக்குறைய 400 பேர் மாண்டார்கள்.

செய்தி ஊருக்கு வந்த நாள், கோடையில் பல நாள் நடக்கும் ஆடல் திருவிழாவின் கடைசி நாள். அரங்கில் ஆண்களின் பாட்டுக் குழு நின்றுகொண்டிருந்தது. எஃபோர்கள் செய்தியைக் கேட்டார்கள். விழாவை நிறுத்தவில்லை, முடியட்டும் என்று விட்டார்கள். பிறகு மாண்டவர்களின் பெயர்களை வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண்கள் கூச்சலிட்டு அழக்கூடாது, துயரத்தை வாய்விடாமல் தாங்க வேண்டும் என்று உத்தரவு. மறுநாள் காலை, மகனைப் பறிகொடுத்தவர்கள் முகம் மலர்ந்து தெருவில் நடந்தார்கள், கோயிலுக்குப் போனார்கள், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். தோற்ற போரிலிருந்து தப்பிப் பிழைத்தவனுக்கு ஸ்பார்ட்டாவில் பெயர் 'நடுங்கி'. அவனுக்கு யாரும் பெண் தரமாட்டார்கள், வழியில் யார் வேண்டுமானாலும் அவனை அடிக்கலாம். அப்படிப்பட்டவர்கள் அன்று நிறையப் பேர் இருந்ததால், அந்த ஒரு நாள் சட்டங்கள் தூங்கட்டும் என்று முடிவு செய்தவர், குச்சிக் குதிரை ஓட்டிய அதே அகெசிலாஸ்.

மகன் உயிரோடு இருக்கிறான், திரும்பி வந்துகொண்டிருக்கிறான் என்று அறிந்த தாய்மார்கள் அன்று வெளியே வரவில்லை. வீட்டுக்குள், பேச்சில்லாமல், அவனுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.